வன்னியில் வளர்ந்தவர்களுக்கான தொழிற்பயிற்சி: அனுப்பும் காசு எங்கே முடிந்துபோகிறது

இம்முறை ஊருக்குப் போனபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு, பளைப் பக்கங்களில் தொழிற்பயிற்சி நிலையங்களையும், அங்கே பழகி முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க முடிந்தது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று காசு சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வகுப்பு நடக்கும் மாதங்களுக்கு மட்டும் காசு கொடுத்தால் வேலை பாதியில் நிற்கும். நாற்பது வயதில் தொழில் மாறுகிறவர் பெரும்பாலும் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வரும் முதல் ஆறு மாதத்தில்தான் விழுகிறார். அந்த மாதங்களுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சதமும் இருப்பதில்லை.

படிப்புக் கட்டணம் பெரிய தடையே இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) போன்ற அரச நிலையங்களில் பல பாடநெறிகள் இலவசம். அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் நல்ல பட்டறைகள் இருக்கின்றன. ஆகவே இன்னொரு கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டத் தேவையில்லை. தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கோ, கால் இழந்தவருக்கோ, புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிக்கோ வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி இழப்பு. அதில் பாதியையாவது உதவித்தொகையாகக் கொடுத்தால்தான் மூன்றாம் மாதத்திலும் ஆள் வகுப்பில் இருப்பார். அதோடு பஸ் காசு, சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள், மத்தியானச் சாப்பாடு எல்லாம் வேண்டும். வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டும் வரலாம், உள்ளூருக்கு பஸ்ஸும் பிடிக்கலாம்.

வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் கிழமையில் ஒரே நாளில் பலர் வராமல் இருப்பது தெரியும். அது பெரும்பாலும் நுண்கடன்காரர் தவணை எடுக்க வரும் நாள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தது. 2022 பொருளாதார நெருக்கடி திரும்பவும் பலரைக் கடனுக்குள் தள்ளியது. ஆளைத் தெரிவு செய்யும்போதே எத்தனை கடன், கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டு எழுத வேண்டும். கேட்காமல் விட்டால் கொடுத்த தையல் மெஷினோ ஒட்டுவேலை இயந்திரமோ கடனுக்காக விலைபோகும். அதற்காக அந்த மனிசியைக் குறை சொல்வது அநியாயம். உபகரணத்தை இரண்டு தடவையாகக் கொடுப்பது இதைக் குறைக்கும்: வேலை தொடங்கத் தேவையானது முதலில், மிச்சம் இரண்டு மாதம் தொழில் நடந்த பிறகு. காசாகக் கொடுக்காமல் கடைக்காரருக்கு நேரே கட்டி, பற்றுச்சீட்டை வாங்கி வைக்க வேண்டும்.

எந்தத் தொழில் என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஒரே கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் பழக்கினால் தைக்கக் கொடுக்க அந்தக் கிராமத்தில் ஆள் மிஞ்சாது. ஆடைத் தொழிற்சாலை வேலைதான் நோக்கம் என்றால் காலால் மிதிக்கும் வீட்டு மெஷினில் பழகியது உதவாது; வேகமாக ஓடும் ஜூக்கி தையல் மெஷினிலும், துணி ஓரம் தைக்கும் ஓவர்லொக்கிலும் கை பழக வேண்டும். கோழி வளர்ப்புத் திட்டங்கள் தீன் விலை ஏறியதும் படுத்துவிடுகின்றன. மாறாக, மோட்டார் சைக்கிள் திருத்தம், தண்ணீர்ப் பம்பி திருத்தம், வீட்டு மின்னிணைப்பு, குளிரூட்டி வேலை தெரிந்தவர்களுக்கு ஊரில் தட்டுப்பாடு. பெண்களையும் இவற்றில் சேர்க்க வேண்டும். பாடநெறியைத் தெரிவு செய்ய முன் பக்கத்து மூன்று சந்தைகளில் கடை கடையாகப் போய், யாருக்கு என்ன வேலைக்கு ஆள் தேவை என்று ஒரு கிழமை விசாரித்தாலே போதும்.

வகுப்புக்கு முன் வைத்தியப் பரிசோதனையும் வேண்டும். உடம்பில் எறிகணை (செல்) துண்டோடு இருப்பவர்கள் பாரம் தூக்கினால் நோவு கூடும். காது கேட்பது குறைந்தவருக்குச் சத்தமான பட்டறையில் சொல்வது விளங்காது. செயற்கைக் கால் போட்டவருக்குக் கால் பொருந்தாமல் புண் வந்தால் ஒரு மாத வகுப்பே போய்விடும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும், செயற்கைக் கால் பொருத்தும் ஜெய்ப்பூர் நிலையத்தில் காலைச் சரிபார்த்துவிட்டு வகுப்பைத் தொடங்குவது நல்லது.

ஆட்களின் பட்டியலைக் கிராம அலுவலரிடம் மட்டும் வாங்கினால் ஏற்கெனவே உதவி கிடைத்த குடும்பங்களே திரும்ப வரலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பிடமும் தனித்தனியாகப் பட்டியல் கேட்டு ஒப்பிட வேண்டும். இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்குப் பிரதியெடுக்க நாளாகும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்க வேண்டும்.

நிலையம் தனியாருடையது என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, பாடநெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். தேசிய தொழிற் தகைமை (என்.வி.க்யூ.) மட்டம் மூன்றோ நான்கோ இல்லாத சான்றிதழ் பெரிய கம்பனிகளிலும் வெளிநாட்டு வேலைக்கும் எடுபடாது.

காசைப் பிரிக்கும் விதத்தை இப்படி வைக்கலாம்: நூறு ரூபாயில் நாற்பது பயிற்சிக் காலத்துக்கு, இருபது உபகரணத்துக்கு, மிச்ச நாற்பது முடித்த பின்னான ஆறு மாதத்துக்கு. அந்த ஆறு மாதத்தில் ஒரு கள உத்தியோகத்தர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு அல்லது கடைக்குப் போய் வரவு, செலவு, ஓடர் எத்தனை என்று எழுத வேண்டும். வாடிக்கையாளர் காசு தர இழுத்தடிக்கும் மாதத்தில் சின்னக் கைமாற்று கொடுக்கவும் இந்தப் பணத்தில் இடம் வைக்க வேண்டும்.

இப்போதே கவனிக்க வேண்டிய கூட்டம் ஒன்று இருக்கிறது. முகமாலையிலும் மற்ற இடங்களிலும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்து, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்கும் காலக்கெடு 2028 யூன். நிலம் துப்புரவாவதோடு மாதச் சம்பளமும் நின்றுவிடும். ஆனால் அவர்கள் வெறுங்கையோடு இல்லை. முதலுதவி, வரைபட அளவீடு, வாகனம் ஓட்டுதல், திருத்துதல், குழுவை நடத்துதல் என்று பலதும் தெரியும். முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் வகுப்புக்கே போகாமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, செய்முறைப் பரீட்சையும் நேர்முகமும் கொடுத்து என்.வி.க்யூ. பெறலாம். பொருந்தும் துறைகளை நைட்டாவில் கேட்டறியலாம். தமிழில் மதிப்பிட ஆள் வருவாரா என்பதையும் அப்போதே உறுதிப்படுத்த வேண்டும். ஆதாரத்துக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் சேவைக் கடிதம் முக்கியம்: எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன பொறுப்பு, என்ன பயிற்சி என்று விபரமாக இருக்க வேண்டும். நிறுவனம் அலுவலகத்தை மூடிய பிறகு அந்தக் கடிதத்தைத் தேடி எடுப்பது கடினம். வேலையில் இருக்கும்போதே வாங்கி, நிழற்பிரதி இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.