டார்க்டேபிளும் கிம்பும்: கட்டுநாயக்க விமானப் படங்களோடு சில வருட அனுபவம்

விமானப் படங்களை இணையத் தொகுப்புகளுக்கு அனுப்புகிறவர்களுக்குத் தெரியும், அங்கே படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. ஜெட்ஃபோட்டோஸ், ஏர்லைனர்ஸ்.நெட் போன்றவற்றில் சாய்வு, நடுவமைப்பு, கூர்மை, நிறம், தூசிப் புள்ளி என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். காசு கட்டாத மென்பொருளை வைத்து அந்தத் தரத்தைத் தொட முடியுமா என்று இங்கே கொழும்பில் புதிதாகக் கமரா வாங்குகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, மாதாமாதம் டொலரில் கட்டி வந்த மென்பொருளை விட்டுவிட்டு டார்க்டேபிள், கிம்ப் என்ற இரண்டு இலவச மென்பொருள்களுக்கு மாறினேன். திரும்பிப் போகவேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

ரோ கோப்பை, அதாவது கமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பை, திறந்து வெளிச்சம், நிறம், சாய்வு எல்லாவற்றையும் டார்க்டேபிளில் முடிக்கிறேன். அளவைக் குறைப்பதும் கூர்மையாக்குவதும் கிம்பில். இந்த வரிசை முக்கியம்.

டார்க்டேபிள் தொடக்கத்தில் மிரட்டும். ஒரே வேலைக்கு மூன்று, நான்கு கருவிகள் கிடக்கும், எதைத் தொடுவது என்றே தெரியாது. விமானப் படத்துக்கு அவற்றில் பாதி கூடத் தேவையில்லை. எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, லென்ஸ் திருத்தம், சாய்வு, நொய்ஸ் (படத்தில் விழும் பொடிப்புள்ளி) நீக்கம், இவ்வளவுதான் நான் தொடுகிறவை. ஒளி நிழலைச் சமன்படுத்த முன்பு ஃபில்மிக் என்ற கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில் சிக்மொய்ட் என்ற கருவி சேர்ந்தபிறகு அந்த வேலை மிகவும் இலேசாகிவிட்டது. ஸ்ரீலங்கன் விமானங்களின் உடல் வெள்ளை. நம்முடைய வெயிலில் அந்த வெள்ளை சட்டென்று வெளுத்துப்போய் ஜன்னலைச் சுற்றியுள்ள விவரம் எல்லாம் அழிந்துவிடும். அதனால் எடுக்கும்போதே கொஞ்சம் குறைத்து எடுத்து, பிறகு நிழலை மட்டும் தூக்குகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள முகமூடி வசதி. வானத்தின் நீலத்தை மட்டும் தெரிவு செய்து அதில் மாத்திரம் நொய்ஸை நீக்கலாம். படம் முழுவதும் நீக்கினால் விமான உடலிலுள்ள தகட்டு இணைப்புக் கோடுகள் மெழுகு பூசியதுபோல் மறைந்துவிடும், பரிசோதிப்பவர்களின் கண்ணுக்கு அது உடனே தெரியும். இன்னொன்று: செய்த திருத்தம் எல்லாம் மூலப் படத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் பதிவாகும். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த அந்த 2022இல் இதன் அருமை நன்றாகவே புரிந்தது.

சாய்வு பார்க்க ஓடுபாதையையோ புல்வெளியையோ நம்ப வேண்டாம். நிலம் மேடு பள்ளமாக இருக்கும். படத்தின் நடுப்பகுதியில் கட்டுப்பாட்டுக் கோபுரமோ விளக்குக் கம்பமோ இருந்தால், அதன் நிமிர்ந்த விளிம்பில் டார்க்டேபிளில் மவுஸின் வலது பட்டனை அழுத்திக் கோடு இழுத்தால் போதும், படம் நேராகிவிடும். ஓரத்திலுள்ள கம்பம் லென்ஸினாலேயே சாய்ந்து தெரியலாம், அதை எடுக்கக் கூடாது.

அப்புறம் கிம்ப். என் கமராவின் படம் 6000 பிக்சல் அகலம். அதை 1200 அல்லது 1600க்குக் குறைக்கும்போது லோஹேலோ என்ற முறையைத் தெரிவு செய்கிறேன், விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழுவது குறைவு. குறைத்த பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். முதலிலேயே கூர்மையாக்கிவிட்டுக் குறைத்தால் அந்த உழைப்பு வீண். அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் கருவியில் ஆரத்தை 0.5க்குப் பக்கத்தில் வைத்து, கூர்மையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். இதை ஒரு நகல் லேயரில், அதாவது படத்தின் மேல் வைக்கும் அதன் பிரதி அடுக்கில், செய்கிறேன்.

நகல் லேயர் எதற்கு? பெரும்பாலான ஸ்ரீலங்கன் விமானங்களின் பதிவெண் 4R-A என்று தொடங்குவதைப் பாருங்கள். 4, R, A மூன்றிலும் சாய்ந்த கோடு இருக்கிறது. கூர்மை சற்றுக் கூடினாலும் முதலில் படிக்கட்டுபோல் விளிம்பு உடைவது அந்தச் சாய்கோடுகளில்தான். அதே அளவு கூர்மையில் இயந்திரமும் சக்கரங்களும் இன்னும் மங்கலாகவே இருக்கும். எனவே லேயர் மாஸ்க்கில் (லேயரின் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று தீர்மானிக்கும் முகமூடியில்) கறுப்புத் தூரிகையால் பதிவெண், பெயர் எழுத்து, வாலின் விளிம்பு, இறக்கை நுனி ஆகிய இடங்களில் கூர்மையை அழித்துவிட்டு மற்ற இடங்களில் விட்டுவிடுவேன். என் படங்கள் ஏற்கப்படும் விதம் மாறியது இந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான்.

தூசியைக் கண்டுபிடிக்க, ஒளி வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டும் கிம்பின் ஈக்வலைஸ் கட்டளை. நகல் லேயரில் அதைப் போட்டதும் வானம் அலங்கோலமாக மாறும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் புள்ளிகள் கரு வட்டங்களாக வெளியே வரும். மூலைகள் இருண்டிருந்தால் அதுவும் தெரியும். புள்ளியைக் கீழே உள்ள படத்தில் குணப்படுத்தும் தூரிகையால் எடுத்துவிட்டு அந்த நகல் லேயரை நீக்கிவிடலாம். தூசி எடுப்பதற்குத் தடை இல்லை. ஆனால் குறுக்கே நிற்கும் கம்பத்தையோ பறவையையோ அழித்தால் அது படத்தை மாற்றுவது, விதிக்கு முரண். அந்த விதி சரியென்றே நினைக்கிறேன். இந்தப் படங்கள் நாளைக்கு ஆவணமாக இருக்கப்போகிறவை.

எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாதது, சூடான தரைக்கு மேல் காற்று நெளியும் வெப்ப அலை. காலை ஒன்பதரை, பத்துக்குப் பிறகு ஓடுபாதையின் தார் சுட்டு, ஜன்னல் வரிசை நெளிந்து போகும். எவ்வளவு கூர்மையாக்கினாலும் அந்த நெளிவுதான் கூர்மையாகும். இலேசான நெளிவு என்றால் 1024 பிக்சலுக்குக் குறைத்துப் பார்ப்பேன், அதற்கும் மேல் என்றால் விட்டுவிடுவேன். வெளிச்சத்தின் திசையும் அப்படித்தான். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தின் ஓடுபாதை 04/22, அதாவது தென்மேற்கிலிருந்து வடகிழக்கு. காலையில் தென்கிழக்குப் பக்கம் வெளிச்சம், பின்னேரம் நீர்கொழும்புக் களப்புப் பக்கம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்களில், மத்தியானம் எடுத்தால் வயிற்றுப்பகுதி கரியாகிவிடும். அந்த நிழலைத் தூக்கினால் நொய்ஸ் பொங்கும். பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் எங்கே நின்று எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய மடிக்கணினியில் டார்க்டேபிளின் நொய்ஸ் நீக்கம் நகரவே நகராது. புதிதாக வந்த லென்ஸுக்கான திருத்தத் தரவு சில வேளைகளில் தாமதமாகத்தான் சேர்கிறது. இரண்டு மென்பொருளுக்கு இடையே கோப்பை ஏற்றி இறக்குவது அலுப்பான வேலை. 16 பிட் டிஃப் ஆக ஏற்றுமதி செய்து, நிறச் சுயவிவரம் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று உறுதிப்படுத்திக்கொண்டால் நிறம் மாறும் தொல்லை இல்லை. ரோவில் எடுக்காமல் ஜேபெக் மட்டும் எடுக்கிறவர்கள் டார்க்டேபிளோடு சிரமப்படவே வேண்டாம், கிம்பிலேயே தொடங்குங்கள்.