ஜிங்க் ஆக்சைடு நானோ: வேப்பிலைச் சாறா, காஸ்டிக் சோடாவா?

காயத்துக்குப் போடுற மருந்து, கிருமிய கொல்ற கோட்டிங்னு ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் பண்றவங்க நிறைய பேர் இலைச் சாறு பக்கம்தான் போறாங்க, கெமிக்கல்னா விஷம், இலைன்னா பாதுகாப்புன்னு ஒரு நெனப்பு, ஆனா அது அவ்ளோ நேரா இல்ல.

கெமிக்கல் வழின்னா என்ன, ஜிங்க் அசிடேட் கரைசல்ல காஸ்டிக் சோடாவ சொட்டு சொட்டா விட்டா வெள்ளையா படியும், பிஹெச் 7 வர்ற வரைக்கும் கழுவி காயவெக்கணும், அவ்ளோதான். ஹைட்ரசின் மாதிரி ஆபத்தான சரக்கு எதுவும் இதுல இல்ல. வேப்பிலை வழில இலைய கொதிக்கவெச்சு வடிகட்டி, சாறுல ஜிங்க் நைட்ரேட் போட்டு பசை ஆகுற வரைக்கும் கிளறி, ஃபர்னஸ்ல 400 டிகிரில ரெண்டு மணி நேரம் விடுவாங்க.

இலைல இருக்குற பாலிஃபீனால்ங்கற தாவரப் பொருள் ஜிங்க்க ரெட்யூஸ் பண்ணுது, அதாவது எலக்ட்ரான் குடுக்குதுன்னு நிறைய பேர் எழுதுறாங்க பாருங்க, அது வெள்ளி நானோவுக்கு சரி, வெள்ளி அயனி எலக்ட்ரான் வாங்கி உலோகமா மாறுது. ஜிங்க்கோட சார்ஜ் உப்புலயும் +2, ஆக்சைடுலயும் +2, இங்க ரெடக்‌ஷனே கெடையாது. சாறு பண்றது அயனிய புடிச்சுவெச்சு துகள் கண்டபடி வளராம தடுக்குற வேலை.

அதவிட முக்கியம், இலைப்பொருள் துகள் மேல போர்வையா இருக்கு, அதனாலதான் செல்லுக்கு நல்லதுன்னு சொல்லிட்டு 400, 500 டிகிரில சுட்டா அந்தப் போர்வைல பெரும்பகுதி எரிஞ்சே போயிடும். அதுக்கப்புறம் எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்ரே விட்டு படிக அமைப்பப் பாக்குற டெஸ்ட் எடுத்தா, ரெண்டு வழிலயும் ஜிங்க் ஆக்சைடோட அதே உர்ட்சைட் படிக பீக், 36 டிகிரி கோணத்துக்குப் பக்கத்துல பெருசா ஒண்ணு. போர்வை வேணும்னா சுடாம 80 டிகிரில காயவெக்கணும், ஆனா பிஹெச் ஏத்தலைனா முழுசா ஆக்சைடா மாறாது, ஏத்துறதுக்கு மறுபடி காஸ்டிக் சோடாதான்!

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரணும்னா கெமிக்கல் வழிதான் என் சாய்ஸ், வேப்பிலை சீசனுக்கு சீசன், மண்ணுக்கு மண்ணு மாறும், மருந்துக்குப் போகப்போற பொருளுக்கு அது பெரிய தலைவலி. இலைப்பொருளும் துகளும் சேர்ந்து வேலை செய்யணும்னு நெனச்சா மட்டும் சுடாத இலை வழிக்குப் போங்க.

எதுல போனாலும் கிருமி டெஸ்ட்ல, பாக்டீரியா வளர்க்குற அதே பிளேட்ல வெறும் சாறு, வெறும் ஜிங்க் உப்பு, கெமிக்கல்ல பண்ண துகள் மூணுக்கும் தனித்தனி குழி போடுங்க, ஜிங்க் அயனியே பாக்டீரியாவ கொல்லும், இந்த மூணும் இல்லாம இலையாலதான் வேலை செஞ்சுதுன்னு சொல்லவே முடியாது.