முற்றத்துக் குழாயை மூடும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் சரிவான மனையில் வீடு கட்டி, தரைக்குக் கீழே ஓர் அறை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அறைக்குள் தண்ணீர் வராமல் செய்கிறேன் என்று சொன்ன ஒருவரிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அவர் இன்னும் இதே வேலையைத்தான் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்.

எங்கள் மனையில் ரோட்டுப் பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். அப்பா பாறையை உடைத்து நாலரை அடி ஆழத்துக்கு அறையை இறக்கினார். ராகி மூட்டை, மாங்காய் சீசனுக்கு வேண்டிய கிரேட்டுகள் எல்லாம் அங்கேதான். நல்ல மழை பிடித்தால் ரோட்டுப் பக்கச் சுவரின் அடியில் தண்ணீர் கசியும்.

2024 ஆகஸ்டில் அவரைக் கூப்பிட்டோம். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளியே போய் முற்றத்தைப் பார்க்கவே இல்லை. நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். "உள்பக்கம் கெமிக்கல் கோட்டிங் அடிச்சா போதும் சார், பத்து வருஷம் கேரண்டி" என்றார். 38,000 ரூபாய். அடுத்த மாத மழையிலேயே பூச்சு கொப்பளித்து உரிந்தது. சுவருக்குப் பின்னால் ஈரமண் அழுத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே பூசியது எத்தனை நாள் பிடித்து நிற்கும்? அதெல்லாம் கட்டும்போதே மண் பக்கம் அடிக்க வேண்டியது.

கேட்டதற்கு, முற்றத்தில் டிரெயின், அதாவது மண்ணுக்கடியில் வடிகால், போட்டே ஆக வேண்டும் என்று பேச்சை மாற்றினார். அதற்கு 72,000. ஓட்டை போட்ட குழாய், சுற்றி ஜல்லி, அதைச் சுற்றி வடிகட்டும் துணி என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். நான் ஓசூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பள்ளத்தை மூடி, மேலே காங்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். "என் பையன் வந்து பார்க்கட்டும்பா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். "கலவை இறுகிடும்மா" என்று பதில் வந்திருக்கிறது.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். எங்கள் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். ராகி முழுக்க முளைவிட்டு நாறிப்போனது. "இந்த மழைக்கு யாரால என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். நம்பினேன். ஆனால் அடுத்த மே மாதம், அரை மணி நேரக் கோடை மழைக்கே கணுக்கால் வரை நின்றது. அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

பர்கூரில் இருந்து எங்கள் மாமா முறை மேஸ்திரி ஒருவரை வரவழைத்துத் தோண்டினோம். குழாயில் ஓர் ஓட்டைகூட இல்லை, சாதாரண பிவிசி. ஜல்லிக்குப் பதில் செம்மண்ணும் உடைந்த செங்கல்லும். துணி இல்லை. மாமா தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்து மட்டம் பார்த்தார். தண்ணீர் வெளியேற வேண்டிய முனை மறு முனையைவிட இரண்டு அங்குலம் மேலே இருந்தது. அந்த முனையும் பின்பக்கப் பள்ளத்துக்குப் போகவில்லை, சுவரில் இருந்து நாலடி தள்ளிப் பாறையில் எடுத்த ஒரு குழியில் முடிந்தது. நம் ஊரில் மேலே செம்மண், கீழே பாறை. மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் பாறை மேலேயே வழிந்து சுவரைத் தேடி வரும். அந்தப் பாறையில் குழி வெட்டினால் அது தொட்டிதான். நிரம்பியதும் வீட்டுப் பக்கமே திரும்பியது. புதுக் காங்கிரீட்டின் வாட்டமும் வீட்டைப் பார்த்தே இருந்தது.

மொட்டை மாடிக் குழாயையும் அவர் தொடவில்லை, அது சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் வரும். அத்தனையும் அஸ்திவாரத்தை ஒட்டி!

மாமா முதலில் செய்தது அந்தக் குழாயைத்தான். ஓட்டை இல்லாத தனிக் குழாயில் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார். பிறகு காங்கிரீட்டை உடைத்து, மண் ஏற்றி, சுவரில் இருந்து பத்தடிக்குள் அரையடி இறங்கும்படி வாட்டம் கொடுத்தார். ரோட்டுப் பக்கம் அறைத் தரையின் மட்டம் வரை தோண்டினோம், அஸ்திவாரத்துக்குக் கீழே போகவில்லை. துணி விரித்து, ஜல்லி கொட்டி, ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்க்கக் குழாய் வைத்து, நூறு அடிக்கு ஓரடி வாட்டத்தில் பின்பக்கப் பள்ளத்தில் திறந்துவிட்டார். எலி புகாமல் முனையில் வலை. மூடுவதற்கு முன் மேல் முனையில் குடம் குடமாக ஊற்றினோம். அந்தப் பக்கம் தண்ணீர் வந்ததை அம்மாவே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் மண் தள்ளினார்கள். செலவு 64,000.

நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இந்தக் குடத்துத் தண்ணீர்ச் சோதனை முடியாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். குழாய் திறந்து கிடக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். ரசீது கேளுங்கள்.

நாங்கள் ரசீது வாங்கவில்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியும், ஜிபேயில் பணம் போட்ட விவரமும், தோண்டும்போது எடுத்த படங்களும்தான் கையில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிவிட்டு, இப்போது அந்த மனுவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.