போதகர் பணியை விட்டபின்: பள்ளியா, ஆஸ்பத்திரியா, தொண்டு நிறுவனமா, இன்ஷூரன்ஸா?

மதுரைப் பக்கம் ஒரு போதகர் வேறு வேலைக்குப் போனால் ஊர் முதலில் சொல்வது, "ஐயா பின்வாங்கிட்டாரு" என்பதுதான். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வீடு. குருமனை, அதாவது போதகர் குடியிருக்கும் வீடு, சேகரத்துடையது (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்தான் சேகரம்). ராஜினாமா ஏற்கப்பட்டால் சாவியைக் கொடுத்தாக வேண்டும். வாடகை அட்வான்ஸ், பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டில் பெரியவர்களின் மருந்துச் செலவு எல்லாம் ஒரே மாதத்தில் வாசலுக்கு வந்துவிடும். அதனால் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், முதல் வருமானம் எப்போது வரும், கையிலுள்ள பட்டம் அங்கே செல்லுமா, பழைய சபையாரோடு உள்ள உறவு என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறோம்.

பலரும் முதலில் நினைப்பது பள்ளி. இங்கே இறையியல் பட்டம் கைகொடுக்காது. அரசரடி இறையியல் கல்லூரியில் படித்து வாங்கிய செராம்பூர் பல்கலைக்கழக இறையியல் பட்டத்துக்குச் சபைக்குள் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பி.எட். சேரப் பள்ளிப் பாடம் ஒன்றில் பட்டம் வேண்டும். இறையியலுக்கு முன்பே பி.ஏ. தமிழோ, ஆங்கிலமோ, வரலாறோ முடித்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. பி.எட். 2 ஆண்டு. அதன்பின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், 150 கேள்வி, 150 மதிப்பெண். ஒருமுறை தேறிவிட்டால் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அதாவது நிலையான சம்பளம் வரக் குறைந்தது 3 ஆண்டு பிடிக்கும். அதுவரை குடும்பம் எதில் ஓடும்? மனைவிக்கு வேலை இருந்தால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம். இல்லையென்றால் விடுதிக் காப்பாளர் வேலையைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் வீடும் சேர்ந்தே கிடைக்கும், பட்டத்தைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இரவு 11 மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டைத்தான்.

ஆஸ்பத்திரிப் போதகர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) என்ற வழி இயல்பானதாகத் தோன்றும். நம் கணிப்பில் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பிரசங்கம் செய்து பழகியவருக்குக் கேட்பது கடினம். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, கணவரை ஐ.சி.யு.வில் விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்ததும் வசனம் சொன்னால் அவர் தலையை ஆட்டுவார், அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். "ராத்திரி சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால்தான் கடன் கணக்கு, மகனோடு உள்ள சண்டை எல்லாம் வெளியே வரும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டுமே ஜெபம். இதைப் பழக்குவதற்கென்றே சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்ற பயிற்சி இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் படிக்கலாம். நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே குறுக்கிட்டீர்கள், எங்கே அவசரமாக ஆறுதல் சொன்னீர்கள் என்று பயிற்றுநர் வரி வரியாகக் காட்டுவார்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆற்றுப்படுத்துநர் வேலை வேண்டுமென்றால் சமூகப்பணி முதுகலையோ உளவியல் முதுகலையோ தேவை. உளவியலைத் தபால் வழியில் முடித்துவிடலாம் என்ற பழைய யோசனை இனி உதவாது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. சமூகப்பணிக்கு மதுரை அழகர்கோயில் சாலையிலேயே கல்லூரி உண்டு, 2 ஆண்டு. கையில் இறையியல் பட்டம் மட்டும் இருந்தால், ஃபீஸ் கட்டும் முன்பே பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்று எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் ஐயா" என்ற வாய்ச்சொல்லை நம்பிச் சேரக் கூடாது.

தொண்டு நிறுவனத்தில் வேலை சீக்கிரம் கிடைக்கும், சீக்கிரம் போகவும் போகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. பெரிய அமைப்புகளிடம் வாங்கி ஓட்டிய சின்ன நிறுவனங்களை அது நேராகத் தாக்கியது. ஆகவே நேர்முகத்தில் சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது, ப்ராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது என்பதைத்தான். சுயவிவரத்தில் "ஊழியம் 12 ஆண்டு" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை கிராமம், எவ்வளவு வரவுசெலவு, தணிக்கை, பள்ளித் தாளாளர் பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்சிக்குள் நுழைவது எல்லாவற்றையும் விடச் சுலபம். பத்தாம் வகுப்பு, 25 மணி நேரப் பயிற்சி, 50 கேள்வித் தேர்வு, 35 சதவீதம் எடுத்தால் போதும். இருந்தும் இதைக் கடைசியில்தான் வைக்கிறோம். முதல் வாடிக்கையாளர் யார்? நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் அப்பா. ஐயா கேட்டுவிட்டார் என்பதற்காகக் கையெழுத்துப் போடுவார். இரண்டாம் வருடப் பிரீமியம் கட்ட முடியாமல் போனால் பணத்தோடு மரியாதையும் போகும். இந்த வழியில்தான் போவது என்று முடிவெடுத்தால், ஓராண்டுக்காவது பழைய சேகரத்தில் விற்காதீர்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எல்லாரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் கிளம்பும் முன் சில வேலைகள் உண்டு. உங்கள் பி.எஃப். மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் கீழ் இருந்தால், ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி தேவை. அதற்குச் சில மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கடைசி எண்ணைக் குறித்து, கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பெரிய திருச்சபை அமைப்பு எதிலும் சேராத தனிச்சபைப் போதகர்கள் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் பெற்ற உரிமம் ரத்தானால், தெரிந்த வீட்டுக் கல்யாணம் என்று இரக்கப்பட்டும் நடத்தி வைக்கக் கூடாது. 68-ஆம் பிரிவில் அது குற்றம். டிரஸ்ட் பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தால் விலகலைத் தீர்மானமாக எழுதவையுங்கள். சபைக் கணக்கிலும் பள்ளிக் கணக்கிலும் உங்கள் கையெழுத்து நீக்கப்பட்டதாக வங்கிக் கடிதம் கைக்கு வரும்வரை, அந்த செக்குகளுக்கு நீங்களும்தான் பொறுப்பு.