கத்திரி வெயிலுக்கு எந்தச் சோறு? பாளையங்கோட்டை அடுப்படிக் கணக்கு

எங்கள் வீட்டு அடுப்படி மேற்குப் பார்த்தது. சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வாக்கில் கழிகிற வரைக்கும் பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்பதை யாரும் செய்தியாகவே பேசுவதில்லை. அந்த வெயிலிலும் ஐந்து பேருக்குச் சாப்பாடு ஆக வேண்டும். நான், அவர், அத்தை, லீவு விட்டதும் வீட்டைத் தலைகீழாக்கும் பிள்ளைகள் இரண்டு பேர்.

எது குளிர்ச்சி, எது சூடு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான். பகலில் அடுப்பு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்? செய்து வைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? பிள்ளைகள் மூஞ்சியைச் சுளிக்காமல் சாப்பிடுவார்களா? இந்த மூன்றையும் வைத்து நம்ம ஊர்ச் சாப்பாடுகளை எடை போட்டுப் பார்த்தேன்.

காலைக்குப் போட்டி பழஞ்சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும்தான். இரண்டுமே முந்தின நாளே வேலையை முடித்துவிடுகிற சாப்பாடு. ஆனால் வேலையின் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பழஞ்சோற்றுக்குத் தனியாக அடுப்பே வேண்டாம். ராத்திரிச் சோற்றை இரண்டு ஆழாக்கு கூட்டி வடித்து, ஆறினதும் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். ஒன்பது மணிக்கு ஊற்றினால் காலை ஏழுக்குப் பதமாக இருக்கும். புழுங்கலரிசி, அதிலும் குண்டு ரகம் வேண்டும். பச்சரிசி கரைந்து கஞ்சியாகிவிடும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 எங்களுக்குத் தோது. பொன்னி மாதிரி சன்ன ரகத்தில் கையில் அள்ள ஒன்றும் மிஞ்சாது.

இங்கே ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த முதல் கோடையில், மிஞ்சின சோற்றைச் சுடச்சுட எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பதினோரு மணிக்கு ஞாபகம் வந்து எழுந்து தண்ணீர் ஊற்றினேன். காலையில் கை விட்டால் சோறு நூல் விட்டது. அத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "ஏளா, மாட்டுக்குக்கூட வைக்காத இத" என்றார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. சோறு வெந்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் இருக்கின்றன. பாசில்லஸ் செரியஸ் என்று பெயர். வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அது பெருகும். அது விடும் நஞ்சில் ஒரு வகை, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் சோற்றைத் தாம்பாளத்தில் பரத்தி, ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு தயிரைப் புளிக்க வைக்கிற அதே குடும்பத்து பாக்டீரியா சோற்றையும் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு ஓரளவு காவல்தான். அதற்காகக் காலைப் பழஞ்சோற்றை மத்தியானத்துக்கும் இழுக்கக் கூடாது. கத்திரியில் பத்து மணிக்கு மேல் அதன் வாடையே மாறிவிடும்.

மண்பானைக்கு மாறினதிலிருந்து பிரச்சினை குறைந்துவிட்டது. பானையின் மேல் கசிகிற ஈரம் காற்றில் உலர்ந்து உள்ளே குளிரும். இங்கே அடிப்பது வறட்டு வெயில் என்பதால் அது நன்றாகவே வேலை செய்கிறது. தூத்துக்குடியில் இருக்கும் மதினி வீட்டிலும் பானை உண்டு. கடல் ஈரம் தங்குகிற ஊரில் இந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்பது அவள் குறை.

கம்பங்கூழ் ருசியில் ஒரு படி மேல். எனக்குச் சந்தேகமே இல்லை. அரிசியைவிட இரும்புச்சத்தும் கூடுதல். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்களிடம் கேட்டால் பழஞ்சோற்றை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் வேலையைப் பாருங்கள். கம்பு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விட வேண்டும். மறுநாள் சாயங்காலம் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் அரை மணி நேரம் அடுப்புக்கு முன்னால் நின்று கிண்ட வேண்டும். அதற்கடுத்த காலையில்தான் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம். போதாததற்கு, கம்பில் எண்ணெய்ப் பசை கூடுதல் என்பதால் திரித்த மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். மொத்தமாகத் திரித்து வைக்கவும் முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். ஆசை வந்தால் ரோட்டோரத் தள்ளுவண்டியில் ஒரு சொம்பு.

பிள்ளைகள் விஷயத்தில் பழஞ்சோறு தோற்றுத்தான் போகும் என்று நினைத்தேன். தோற்கவில்லை. தயிரும் உப்பும் போட்டுப் பிசைந்து, கூட ஒரு மோர் மிளகாயோ அப்பளமோ வைத்தால் பெரியவன் சாப்பிட்டுவிடுகிறான். சின்னவளுக்கு நீச்சத்தண்ணி மட்டும் போதும், சோறு வேண்டாம்.

மத்தியானத்துக்கு வருவோம். இங்கே தயிர்ச்சோறும் பச்சைப்புளி ரசமும் எதிரெதிர். தயிர்ச்சோற்றைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. ஆபீசுக்குக் கட்டுவதாக இருந்தால் தயிரைக் கொட்டிப் பிசையாதீர்கள். சோறு குழைவாக இருக்கும்போதே காய்ச்சின பாலை ஊற்றி, வெதுவெதுப்புக்கு வந்ததும் ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் போதும். ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது புளித்திருக்காது, அப்போதுதான் உறைந்திருக்கும். வெள்ளரிப்பிஞ்சும் மாங்காயும் பொடியாக நறுக்கிப் போட்டால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இருந்தாலும் வீட்டில் சாப்பிடுகிற நாளில் என் ஓட்டு பச்சைப்புளி ரசத்துக்குத்தான். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, தணலில் வாட்டின மிளகாய் வத்தலையும் எட்டு சின்ன வெங்காயத்தையும் உப்போடு சேர்த்து கையால் நொறுங்கப் பிசைந்து விட வேண்டும். மல்லித்தழை, கொஞ்சம் கருப்பட்டி. அவ்வளவுதான். மிளகாய் வாட்டுகிற, தாளிக்கிற அரை நிமிடம் தவிர அடுப்பே கிடையாது, தாளிப்பையும் விட்டுவிடலாம். சோறு காலை எட்டு மணிக்கே வடித்தது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். ஒரே குறை, வயிற்றில் நிற்காது. நாலு மணிக்கு எல்லாருக்கும் பசிக்கும். அந்த நேரத்துக்கு நுங்கு வண்டி தெருவில் வந்தால் தப்பித்தேன்.

சொதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் திருநெல்வேலிக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளியூர்க்காரர்கள் பலர் அதைக் கோடைச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். தேங்காய்ப்பால், வெள்ளை நிறம், காரம் கம்மி, அதனால் குளிர்ச்சி என்று ஒரு கணக்கு. அது மறுவீட்டு விருந்துக்கு உரியது. மாப்பிள்ளைச் சொதி என்ற பேரே அப்படி வந்ததுதான். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், பாசிப்பருப்பு தனியாகக் குழைய வேண்டும், கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெக்கையில் நிற்க வேண்டும். அவ்வளவும் செய்து வைத்தால், வெளியே இருக்கிற சொதி சாயங்காலத்துக்குள் திரிந்துவிடும். ருசியில் முதலிடம், இந்தப் போட்டியில் கடைசி இடம்.

ராத்திரிக்கு என்ன என்பதுதான் வீட்டில் சண்டை. அவருக்குப் புரோட்டா சால்னா பார்சல் வாங்கிவிட்டால் முடிந்தது. அடுப்பு எரியவே எரியாது என்று என் கணக்கையே எனக்கு எதிராகத் திருப்புகிறார். வாதம் சரிதான். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர்க் குடத்துக்கு நடப்பதும் அவர்தான்.

நான் சொல்வது உளுந்தஞ்சோறு. ஒரு பங்கு தோலோடு இருக்கிற தொலி உளுந்து, இரண்டு பங்கு அரிசி, ஒரு கை நிறையப் பூடு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு நாலு விசில். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. எள்ளுத் துவையல் தொட்டால் கேட்கவே வேண்டாம். கனமான சாப்பாடு என்பது உண்மைதான். பகலெல்லாம் புளித்தண்ணியும் மோருமாக ஓட்டின வயிற்றுக்கு ராத்திரி அந்தக் கனம் தேவைப்படுகிறது. அத்தைக்கு மட்டும் இதில் உடன்பாடு இல்லை. எள்ளு சூடு, அதனால் தேங்காய்த் துவையலோடு நிறுத்து என்பார்கள். சரி என்று இரண்டையும் அரைத்து வைப்பேன். கடைசியில் எள்ளுத் துவையல் கிண்ணம்தான் முதலில் காலியாகும், அதில் அத்தை கையும் உண்டு.

இவ்வளவும் நடக்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே மொட்டை மாடியில் வத்தல் போட்டிருக்க வேண்டும். கூழ்வத்தல், சீனியவரைக்காய் வத்தல், மோர் மிளகாய். பழஞ்சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் இதுதான் பலம். டப்பாவில் வத்தல் இல்லாத வருஷம் பிள்ளைகளை அந்தச் சோற்றுக்குக் கூப்பிட்டே பார்க்காதீர்கள். போன வருஷம் மிளகாயை மோரில் போட்டு இரண்டு நாள்தான் காய வைத்தேன். உள்ளே ஈரம் நின்று பாதி பூசணம் பிடித்துவிட்டது. இந்த வருஷம் நாலு வெயில் காட்டியிருக்கிறேன். குலுக்கினால் விதை சலசலக்கிறது.