அந்தமானுக்குத் தனியாக நான்கு முறை

2017 பிப்ரவரியில் முதல்முறையாக அந்தமானுக்குத் தனியாகப் போனேன். அப்புறம் 2019, 2022, 2024. நான்கு தடவையும் கூட யாரும் இல்லை. ஒரு தடவை போய்வந்த சூட்டோடு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இது ஏழு வருஷப் பழக்கத்தில் எழுதுவது.

முதல் பயணத்தில் ஐந்து நாளுக்குள் தலைநகர் போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு மூன்றையும் முடித்துவிடப் பார்த்தேன். பாதி நேரம் படகுத்துறையில் பையோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். நீல் தீவில் லக்ஷ்மண்பூர் பக்கம் ஒரு பாறை வளைவு இருக்கிறது. வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம் என்பதால் அதற்கு ஹவுரா பிரிட்ஜ் என்றே பெயர். நான் போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தத் தீவில் கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்றவற்றம் முக்கியம். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக உள்வாங்கும். 2019-இல் இதை விசாரித்துக்கொண்டு, பௌர்ணமியை ஒட்டி ஒரு பிற்பகலில் போனேன். வளைவின் அடிவரை நடக்க முடிந்தது. பாறைக் குழிகளில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஒரு குழியில் கருப்பாக ஒரு கடல் அட்டை, பக்கத்தில் பாறையோடு பதிந்த பெரிய சிப்பி, வாய் விளிம்பெல்லாம் ஊதா நிறம். என் நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. நிழலை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திறந்தது. வழிகாட்டிகளோடு வந்த குடும்பங்கள் படம் எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. நான் நாற்பது நிமிடம் அந்த ஒரு குழியிடமே இருந்தேன். கூட ஒருவர் இருந்திருந்தால் பத்தாவது நிமிடமே கிளம்பியிருப்போம். தனியாகப் போவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

செலவு கூடத்தான் செய்யும். அறைக்கு ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் பெரும்பாலும் ஒரே வாடகை. ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் எடுத்தால் போக்குவரத்துச் செலவு குறையும். ஆனால் அங்கே பொழுது சீக்கிரம் சாயும். ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களோடு சேர்ந்தே வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

கடலில் இறங்குவதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயிர்காப்பாளர் இருக்கிற இடம், நாலு பேர் குளிக்கிற இடம், அங்கே மட்டும்தான். அந்தத் தீவுகளில் உவர்நீர் முதலை உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கிலேயே ஓர் உயிர் போயிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால்கூட நனைக்காதீர்கள். ஸ்கூபா டைவிங்குக்குத் துணை இல்லையே என்ற கவலை வேண்டாம். முதல்முறை இறங்குகிறவரோடு பயிற்சியாளர் கூடவே இருப்பார்.

2022-இல் மே கடைசியில் போனது என் தவறு. காற்று எழும்பிப் படகுகள் இரண்டு நாள் ஓடவில்லை. ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டேன், சென்னை விமானம் போய்விட்டது, டிக்கெட் பணமும் போனது. அதிலிருந்து கடைசி இரவு எப்போதும் போர்ட் பிளேரில்தான். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் பழைய பெயர்தான் வருகிறது.)

போர்ட் பிளேரில் தமிழ் பேச ஆள் தேட வேண்டியதில்லை. முதல் பயணத்திலேயே ஒரு டீக்கடை அக்கா பழக்கம். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம்.

"ஏம்மா, கூட யாரும் வரலையா?"

"இல்லக்கா, தனியாத்தான்."

"சரி, கடல் எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டுப் போ. கப்பல் ஓடலைன்னா இங்க வா, சோறு ஆக்கித் தாரேன்."

ஐந்து வருஷம் கழித்து, விமானத்தை விட்டுவிட்டு அந்தக் கடை வாசலில் போய் நின்றேன். முகம் நினைவிருந்தது அவருக்கு. அடுத்த டிக்கெட் கிடைக்கும்வரை இரண்டு நாள் மீன் குழம்பும் சோறும் அங்கேதான். காசு வாங்கமாட்டேன் என்றார். ரொம்ப வற்புறுத்தியபின், அடுத்த தடவை சுண்டைக்காய் வற்றல் கொண்டு வா, அது போதும் என்றார்.

2017-இல் அங்கிருந்து வீட்டுக்கு ஒரு படம் அனுப்பவே பாடாய்ப்படுத்தும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2024-இல் அரைக் கிலோ வற்றலோடு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மதுரையில் இருக்கிற அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எத்தனை நாள் வெயிலில் காயவைத்தது என்று அக்கா கேட்க, அம்மா சொல்ல, என் டீ ஆறிப்போயிற்று.