டெல்லிச் சட்டத்தைக் காட்டி சென்னையில் காசு பிடுங்கிய கதை: 15 வருடக் கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

புரோக்கர் கொடுத்த சீட்டில் ஒரு விண்ணப்ப எண் இருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தூக்கம் வராமல் அந்த எண்ணைப் பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் சான்ட்ரோ வரவில்லை. யாருடைய ஸ்கூட்டரோ வந்தது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று இன்னும் இரண்டு முறை போட்டேன். அதே ஸ்கூட்டர்தான். அதற்குள் நாங்கள் 12,000 ரூபாய் கொடுத்திருந்தோம். ஆர்.சி. புக்கும் அந்த ஆளிடம் இருந்தது.

அப்பாவுக்கு 74 வயது. கார் 2009 நவம்பரில் பதிவானது. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் வண்டி. கோயில், ஆஸ்பத்திரி, மாதம் ஒருமுறை தாம்பரத்தில் அத்தை வீடு, அவ்வளவுதான் அதன் ஓட்டம். 2024 நவம்பரோடு பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்று தெருமுனை மெக்கானிக்தான் ஞாபகப்படுத்தினார். எங்கே காட்டுவது என்று போனில் தேடினேன். வந்த முதல் நாலைந்து முடிவுகளில் ஆர்.டி.ஓ. என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. அவற்றில் ஒன்று அரசு அலுவலகம் என்றே நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் ஜெராக்ஸ் கடை மாதிரி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு பிரின்டர், சுவரில் சாமி படம். திரும்பி வந்திருக்கலாம். "வாங்க மேடம், உக்காருங்க, பெரியவருக்கு ஒரு சேர் போடுப்பா" என்றதும் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த ஆள் பேசியதை ஓரளவு அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் அதில் நேரான பொய் ரொம்பக் குறைவு.

"மேடம், பெட்ரோல் வண்டிக்கு பதினஞ்சு வருஷம்தான் கணக்கு. டெல்லில என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? ரோட்ல நிறுத்தித் தூக்கிட்டுப் போறான். இப்ப கவர்மென்ட் வண்டியே பதினஞ்சு வருஷமானா ஸ்கிராப்புதான். எஃப்.சி. லேட்டானா தினம் அம்பது ரூபா ஏறிக்கிட்டே இருக்கும். பெரியவரே, பேசாம பதினஞ்சாயிரத்துக்குக் குடுத்துடுங்க, நானே ஏத்தி விட்டுடறேன். இல்ல, வண்டி வேணும்னா பத்தொம்பதாயிரத்து ஐந்நூறு ஆகும்."

இதில் ஒவ்வொன்றும் எங்கேயோ உண்மை. டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது உண்மை. ஆனால் அது டெல்லிக்கு. 15 வருடமான அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை, அதுவும் உண்மை. ஆனால் அது அரசு வண்டிக்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் என்பது மத்திய மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. ஆனால் அது வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்கு. மற்றவர்களின் சட்டத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து எங்கள் சான்ட்ரோவின் தலையில் கட்டினார். அப்பா அரசு வேலையில் இருந்தவர், சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்பார். "அவர் சொல்றது சரியாத்தாம்மா இருக்கும், பேப்பர்லயும் போட்டிருந்தான்" என்றார்.

உண்மை நிலவரம் இவ்வளவுதான். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நாம் எஃப்.சி. என்று சொல்வது, சொந்த வண்டியைப் பொறுத்தவரை இந்தப் புதுப்பிப்புதான். டி போர்டு, அதாவது அந்த மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு அது தனிக் கதை: புது வண்டிக்கு இரண்டு வருடம், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடாவருடம். ஆட்டோக்கார அண்ணன்களைக் கேட்டால் அவர்கள் தங்கள் கணக்கைச் சொல்வார்கள், நமக்குத் தலை சுற்றும். நமக்கான விண்ணப்பம் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே போடலாம். வண்டி எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த ஆர்.டி.ஓ.வில் போட வேண்டும். சென்னையில் அயனாவரம், திருவான்மியூர், கே.கே. நகர், மீனம்பாக்கம் என்று எல்லை பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டில் இருப்பது பழைய வீட்டின் எல்லையாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். பதிவு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அந்த ஆள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்: எஃப்.சி. 8,000, பொல்யூஷன் 1,500, பசுமை வரி 3,000, ஃபைன் 2,000, 'உள்ளே' 5,000. காலாவதியே ஆகாத வண்டிக்கு என்ன ஃபைன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. 'உள்ளே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டார். நான் 12,000 ஜிபே செய்தேன். பணம் போன பெயர் வேறு, மேசையில் உட்கார்ந்திருந்தவர் வேறு. அதையும் பார்த்தேன், கேட்கவில்லை.

பிறகு அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். கட்டாக ஆறேழு தாள், பென்சிலால் சின்ன பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. அப்பா கண்ணாடியைத் தேடினார். "ஃபார்மாலிட்டிதான் பெரியவரே, நான் சொல்ற எடத்துல போடுங்க போதும்." சரி என்று போட்டார்.

நாலாம் நாள் புகைச் சான்று என்று ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கார் அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டு வாசலில், உறை போட்டு நின்றுகொண்டிருந்தது! கேட்டதற்கு, "அதெல்லாம் சிஸ்டத்துல பண்ணிடுவோம் மேடம், நீங்க வண்டிய எடுக்கவே வேணாம்" என்றார். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த ஸ்கூட்டர் ராத்திரியில்தான் அந்தத் தாளை ஒழுங்காகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வருடம் செல்லும் என்று போட்டிருந்தது. பி.எஸ்.4 என்ற புகைத் தரத்துக்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான், பி.எஸ்.4-லிருந்துதான் பன்னிரண்டு மாதம். எங்களுடையது பி.எஸ்.3. மூலையில் இருந்த கியூ.ஆர். கட்டத்தை இன்னொரு போனால் ஸ்கேன் செய்தேன், ஒன்றும் திறக்கவில்லை. 2021-லிருந்து நாடு முழுக்க ஒரே மாதிரிப் படிவம், கியூ.ஆர். உண்டு, உரிமையாளர் மொபைலுக்குக் குறுஞ்செய்தியும் வர வேண்டும். எங்களுக்கு எதுவும் வரவில்லை. அதாவது அந்தத் தாளை யாரோ உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை போன் செய்தால் எடுக்கவில்லை. மத்தியானம் எடுத்து, "சர்வர் டவுன்" என்றார். அதற்கு மறுநாள், "ஆபீசர் லீவு." அடுத்த நாள், "ரெடி மேடம், ஸ்மார்ட் கார்டை நானே கையில வாங்கித் தர்றேன், பாக்கி ஏழாயிரத்து ஐந்நூற எடுத்துட்டு வாங்க." இங்கேதான் வசமாக மாட்டினார். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்சும் ஸ்பீடு போஸ்டில் மட்டும்தான் வருகின்றன. யார் கையிலும் தருவதில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி தன் லைசென்சுக்குத் தபால்காரரை வாரக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் இது எனக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். அவர் ரிட்டயர்டான ஏட்டு, அதைச் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை, மீசையே போதும். ஒரு மணி நேரம் பேச்சு. 7,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதி 5,000 'உள்ளே' கொடுத்தாகிவிட்டதாம். எந்த உள்ளே என்று மாமா கேட்டதற்குப் பதில் இல்லை. ஆர்.சி. புக்கையும் தாள்களையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அந்தக் கட்டைப் பிரித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. படிவம் 25 அதில் ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் படிவம் 29, படிவம் 30. வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் படிவங்கள்! வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி, விற்பவர் இடத்தில் அப்பாவின் அழகான கையெழுத்து. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, நாலாகக் கிழித்து, குப்பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நானே விண்ணப்பித்தேன். ஓ.டி.பி. வரவில்லை. பதிவில் இருந்த மொபைல் எண்ணின் கடைசி இலக்கங்கள் அப்பாவுடையவை இல்லை, என்னுடையவையும் இல்லை. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவுத் தேதி எல்லாம் கொடுத்தால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆர்.சி. புக் மூன்று வாரம் யார் கையில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டேதான் மாற்றினேன். உங்கள் வண்டிக்கு எஃப்.சி. காட்டும் நேரம் இன்னும் வராவிட்டாலும் இதை இன்றே பார்த்துவிடுங்கள். பல பழைய வண்டிகளுக்கு, வாங்கிய நாளில் யாரோ கொடுத்த எண்தான் இன்னும் கிடக்கும்.

கட்டணம்: சொந்தக் காருக்குப் புதுப்பிப்பு 5,000 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகைதான். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில், 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதமானால் சொந்தக் காருக்கு மாதம் 500. புரோக்கர் இழுத்தடித்ததில் அந்த 500-ஐயும் கட்டினோம். ஐந்து வருடத்துக்கான பசுமை வரி தனி. எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்துக்குள் முடிந்தது. நாம் கட்ட வேண்டிய தொகை தளத்திலேயே வரும், யாரும் கல்யாணப் பத்திரிகையில் எழுதத் தேவையில்லை. நடுவில் பதிவு காலாவதியாகிவிட்டதால் வண்டியைச் சும்மா வெளியே எடுக்கவில்லை. அந்த நிலையில் இடித்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட வாய்ப்பு உண்டு.

காட்டப் போன அன்று முதல் தடவை தேறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொல்லி சேஸ் நம்பரைச் சரிபார்த்தார், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் பார்த்தார். இடது இண்டிகேட்டர் சரியில்லை. "ஹேண்ட் பிரேக் போடுங்க" என்றார். அப்பா போட்டார். இன்ஸ்பெக்டர் இடுப்பால் லேசாக ஓர் இடி இடித்தார். கார் சமர்த்தாக நகர்ந்தது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் வேறு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெயில் கூசுகிறது என்று அப்பா ஒட்டியது. 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்தது, எடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. பிரேக் பிடிக்காத வண்டியை 'சிஸ்டத்துல' தேற்றித் தருவதாகச் சொன்னவரிடம்தானே நாங்கள் பணம் கொடுத்திருந்தோம்?

ஹேண்ட் பிரேக் கேபிளுக்குத் தெருமுனை மெக்கானிக் 350 ரூபாய் வாங்கினார். இடது இண்டிகேட்டர் புதுப்பேட்டையில் கிடைத்தது. ஃபிலிம்தான் உயிரை எடுத்தது. ஹேர் டிரையரால் சூடுகாட்டி உரித்தால் ஃபிலிம் வந்துவிடுகிறது, பசை போவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி, ஒரு சாயங்காலம் முழுக்க அப்பாவும் நானும் அதே வேலையாக இருந்தோம். இரண்டாம் தடவை பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். பதினோராம் நாள் ஸ்பீடு போஸ்டில் புது ஆர்.சி. வந்தது, 2029 நவம்பர் வரை.

அந்த ஸ்கூட்டர் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. அவர் விண்ணப்ப எண் எங்கள் கைக்கு வந்தது போல, எங்கள் வண்டியின் விவரம் எந்தச் சீட்டில் யார் கையில் போயிருக்கிறதோ. எஃப்.சி.க்கு என்று யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், அவர்கள் கொடுத்த எண்ணை இன்றைக்கு ராத்திரியே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.